பாதத்தின் முறையீடு

நம் நாட்டின் விடுதலை காலால் நடந்து பெறப்பட்டது என்றால் அது வெறும் அலங்காரப் பேச்சன்று. 1930-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி சபர்மதியினின்று புறப்பட்ட காந்தியடிகள், அறுபது பிராயத்தைக் கடந்த நிலையில், 241 மைல் நடந்து தண்டிக் கடற்கரையை அடைந்தார். அடுத்த மாதம் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியினின்று கிளம்பிய ராஜாஜியும் தொண்டர் படையினரும் ஏறக்குறைய 150 மைல் நடந்து வேதாரணியம் சேர்ந்தனர். இன்றும், எக்கட்சியைச் சார்ந்த தொண்டராயினும், துண்டுப் பிரசுரம் கொடுக்கவும், வாக்காளர் வீடு தேடிச் செல்லவும், ஊர்வலத்தில் கொடி தாங்கவும் அவரைச் சுமந்து செல்வது அவர் பாதமே. ஆயினும் அப்பாதம் நோவெடுத்து முறையிடுங்கால், அதற்குச் செவி சாய்ப்பவர் நம்மில் மிகச் சிலரே.

புதுவையின் கிராமக் கொம்யூன்களாகிய வில்லியனூரையும் பாகூரையும் எடுத்துக்கொள்வோம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் பெண்மக்கள் விடியற்காலை முதல் சேற்றில் நிற்கின்றனர். சேதராப்பட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் உள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்வோருள் பலர் கனத்த பூட்ஸில் காலை அடைத்துக்கொண்டு பொழுதெல்லாம் நிற்கின்றனர். பட்டணத்து ஜவுளிக் கடைகளுக்குப் பஸ் ஏறிச் செல்லும் இளம் பெண்கள் இரவு திரும்பும் வரையில் உட்காருவதே அரிது. வைகாசித் திருவிழாவில் திருக்காமீசுவரர் தேரின் வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோர் வெயிற் காய்ந்த வீதியில் வெறுங்காலுடன் நடக்கின்றனர். இவர்களில் எவர் வாயினின்றும், "முன்னங்காலுக்கு அடியிலே கூழாங்கல்லை மிதிச்சாப்போல இருக்குதுங்க, விரலுக்கு நடுவிலே நெருப்பு ஓடுதுங்க" என்ற சொல் வரக்கூடும். கேட்பவர், "நின்று நின்று வந்த நோவு, எண்ணெய் தடவிப் படு" என்று கூறி விடுகிறார். விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. நோவு மட்டும் முடிவதில்லை.

கல்லே இல்லாத இடத்தில் கல்லை மிதிப்பது போன்று தோன்றும் இந்நோவுக்கு உரிய காரணம் ஒன்று உண்டு. மேனாட்டு வைத்தியர் அதனை 'மார்ட்டன் நியூரோமா' என்பர். அதனைப் பற்றி நம் ஜனங்கள் அறிந்திருத்தல் அவசியம். அறியாமையால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன: எளிதில் தீரக்கூடியதை ஆண்டுக்கணக்கில் சுமப்பது ஒன்று; அதனினும் கொடிய வேறொரு நோயை இதுவென்று மயங்கி வாளாவிருப்பது மற்றொன்று.

நோயின் இயல்பு

பாதத்தின் நடுப்பகுதியினின்று விரல்களை நோக்கி ஐந்து நீண்ட எலும்புகள் செல்கின்றன. அவற்றின் நுனிகள் கூடும் இடமே முன்பாதத்தின் மேட்டுப் பகுதி. குதிகாலை உயர்த்தி அடுத்த அடியை எடுத்து வைக்குங்கால் தேகத்தின் பாரம் முழுதும் இம்மேட்டின்மீதே விழுகின்றது. இவ்வெலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பட்டையான தசைநார் ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதன் கீழே, இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள சந்தில், விரல்களுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு நுழைந்து, முன்னே சென்று இரண்டாகப் பிரிந்து, அடுத்தடுத்த இரு விரல்களின் பக்கங்களுக்குச் செல்கிறது.

மேலே விறைப்பான நார், கீழே தரை, இருபுறமும் எலும்பு: இந்நான்கினுக்கும் நடுவே அகப்பட்ட நரம்பின் கதியைச் சிந்தித்துப் பாருங்கள். முன்பாதத்தைக் கூரிய முனையுள்ள ஜோட்டுக்குள் திணித்தால் எலும்புகள் நெருங்கி நரம்பை நெரிக்கின்றன. குதிகாலை உயர்த்திய ஜோடாயின் பாரம் முன்னே சரிந்து, விரல்கள் மேனோக்கி வளைய, நரம்பு அந்நாரின் விளிம்பில் இழுபடுகின்றது. இவ்வாறு நாளும் நசுங்கியும் இழுபட்டும் வருவதால் நரம்பைச் சூழ்ந்த உறை தடித்து நார்ப்பற்றுக் கொள்கிறது. தடித்த நரம்புக்குச் சந்து மேலும் குறுகுகிறது. குறுகிய சந்தில் நரம்பு மேலும் நசுங்குகிறது. நோய் தன்னைத்தானே வளர்க்கும் விதம் இது.

மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையேதான் இந்நோவு பெரும்பாலும் காணப்படுவது. இரண்டாம் மூன்றாம் விரல்களுக்கு இடையே தோன்றுவது அதற்கு அடுத்தபடி. ஆடவரைக் காட்டிலும் பெண்டிருக்கே, அவருள்ளும் நடுவயதினருக்கே, இது மிகுதி. ஜோட்டின் வடிவமே இதற்குப் பெரிதும் காரணம் என்று வைத்தியர் கருதுகின்றனர். எனினும் ஜோடு அணியாதார்க்கு வாராதென்று எண்ணலாகாது. விரல்களை மடக்கி முன்பாதத்தின்மேல் நெடுநேரம் குந்தியிருக்கும் வேலையும், கடினமான தரையில் ஓயாது நிற்பதும், ஓட்டப் பந்தயப் பயிற்சியும் அந்நரம்பை வருத்தக் கூடியனவே.

'நியூரோமா' என்ற சொல்லுக்கு நரம்பிற் றோன்றிய கழலை என்பது பொருள். கழலை என்றவுடனே பலர் புற்றுநோயை நினைந்து நடுங்குகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. இது உண்மையில் கழலையே அன்று. நசுங்கித் தடித்த நரம்பே. உடலில் வேறிடத்துக்குப் பரவுவதும் அன்று, உயிருக்கு அபாயம் விளைப்பதும் அன்று. 'நரம்புத் தடிப்பு' என்று நாம் தமிழில் வழங்கினால், பெயரால் விளையும் பயமேனும் ஒழியும்.

பெயர் வந்த வரலாறு

இந்நோயின் சரித்திரம், வைத்திய சாஸ்திரம் தவறிழைத்துத் திருந்தி முன்னேறும் முறைக்கு நல்லதோர் உதாரணம். இத்தாலி நாட்டு உடற்கூற்று அறிஞர் சிவினினி என்பார் 1835-ஆம் ஆண்டிலேயே இந்நரம்பின் வீக்கத்தை எடுத்துரைத்தார். இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாரின் கால் வைத்தியராயிருந்த டர்லாக்கர் 1845-இல் இந்நோவை வருணித்தார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வைத்தியர் தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன் 1876-இல் எழுதிய கட்டுரையாலேயே இதற்கு அவர் பெயர் நிலைத்தது. ஆனால் மார்ட்டனோ, நோய் நான்காம் விரலின் மூட்டில் உள்ளதென்று கருதி, அம்மூட்டையே அறுத்தெடுக்க வேண்டுமென்றார். குற்றவாளி மூட்டன்று, நரம்பே என்பதை ஆஸ்திரேலிய வைத்தியர் பெட்ஸ் 1940-இல் எடுத்துக்காட்டினார். ஆக, முதன்முதல் சொன்னவர் பெயரும் நிலைக்கவில்லை. பெயர் நிலைத்தவர் சொன்ன காரணமும் நிலைக்கவில்லை. நோவின் இடத்தைச் செவ்வனே அறியாது கத்தியை எடுத்தால் நேர்வது என்ன என்பதற்கு இவ்வரலாறே சாட்சி.

அறியும் வகை

இந்நோவுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. முன்பாதத்தின் அடியில், விரற் சந்தில், சுரீரென்ற எரிச்சல். மின்சாரம் பாய்ந்தாற்போல் இரு விரல்களுக்கு ஓடும் வலி. காலுறை மடிந்து கிடப்பது போன்ற, அல்லது கல் உறுத்துவது போன்ற உணர்ச்சி. அவ்விரு விரல்களின் உட்பக்கங்களில் மதமதப்பு. யாவற்றினும் முக்கியமானது ஒன்று: ஜோட்டைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டால் வலி தணிந்துவிடும். நடுவழியில் நின்று செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவிக்கொள்பவரைக் கண்டால், ஐயம் இந்நோயின்மேற் செல்லுதல் தகும்.

வைத்தியர் விரலால் எலும்புகளுக்கு இடையேயுள்ள சந்தை அழுத்திப் பார்ப்பார். பாதத்தின் இரு பக்கங்களையும் கையால் சேர்த்து நெருக்கினால், தடித்த நரம்பு சந்தினின்று நழுவும்போது 'களுக்' என்ற அசைவு கையிற் படுவதுண்டு. முல்டர் என்னும் வைத்தியர் 1951-இல் இதனை விவரித்தார். எக்ஸ்ரே படத்தில் நரம்பு தெரியாது. எனினும் எலும்பில் மயிரிழை முறிவு உண்டா என்பதை அறிய அது பயன்படும். நரம்பைக் காண வேண்டின் ஒலியலைப் படமோ எம்.ஆர்.ஐ. படமோ எடுப்பர். கைதேர்ந்த வைத்தியர் பெரும்பாலும் தம் விரலாலேயே நோயைக் கண்டுகொள்வார். ஆதலின், விலையுயர்ந்த படம் எடுக்கப் பணமில்லையே என்று ஏழை மக்கள் கவலுற வேண்டுவதில்லை.

மயங்கத் தக்க பிற நோவுகளையும் பிரித்தறிதல் வேண்டும். காலையில் எழுந்து முதலடி வைக்கையில் குதிகாலில் குத்துவது உள்ளங்கால் தசைநாரின் நோவு, நரம்புத் தடிப்பன்று. சந்தில் அன்றி எலும்பின்மேல் தொட்டால் வலித்து, புறங்காலும் வீங்கியிருந்தால் அது எலும்பு முறிவாகலாம். பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கித் துணி பட்டாலும் வலித்தால் அது வாத ரத்தம் என வழங்கும் மூட்டு நோயாகலாம். இடுப்பினின்று கால் வழியே இறங்கி வரும் வலி முதுகெலும்பிற் பிறந்ததாகலாம். கால் ஆணியும், தைத்துப் புதைந்த முள்ளும் கண்ணாடிச் சில்லும்கூட இவ்வாறு உறுத்தும். இவையெல்லாம் வலியால் தம்மை அறிவிப்பன. வலியே இல்லாமல் வரும் பகை ஒன்று உண்டு. அதைக் குறித்தே நாம் பெரிதும் அஞ்ச வேண்டும்.

பேசாத நரம்பு

வலியைப் பகையென்றே நாம் நினைக்கிறோம். அது பகையன்று, காவலன் என்பதை உலகுக்கு உணர்த்திய அனுபவம் நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையிற் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்து, தொழுநோயாளரின் கை கால்களை ஆராய்ந்தார். அந்நோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பதே அதுகாறும் ஜனங்களின் நம்பிக்கை. அவ்வாறன்று, நோய் நரம்பை மரக்கச் செய்கிறது, மரத்த கால் முள் தைத்தாலும் நெருப்புச் சுட்டாலும் அறிவதில்லை, அறியாமையால் புண்பட்ட காலாலேயே மேலும் நடக்கிறது, அதனாலேயே அழிகிறது என்று அவர் கண்டார். ஆகவே அப்பாதங்களுக்கு அவரும் அவருடைய தோழர்களும் தேடிய மருந்துகளுள் ஒன்று, நுண்துளை கொண்ட மென்மையான ரப்பரால் அமைந்த செருப்பு. அடிப்பாகத்தில் விழும் பாரத்தைப் பரப்பிக் கொடுத்துப் புண் வாராமற் காக்கும் அச்செருப்பு தொழுநோயாளருக்குப் பேருதவியாயிற்று.

அப்பாடம் இன்று தொழுநோயாளருக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவும் பாதத்தின் நரம்புகளை அவ்வாறே மரக்கச் செய்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் பெரியவர்களுள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு; புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26.3. அதாவது ஏறக்குறைய நால்வருள் ஒருவர். நாட்டிலேயே மிக உயர்ந்த கணக்குகளுள் இஃது ஒன்று. வில்லியனூர்ச் சந்தையில் நின்று எதிரே வரும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். அப்போது இக்கணக்கின் பாரம் விளங்கும்.

ஆதலின் நேயர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒரு பாதத்தில், ஒரு சந்தில், நடக்கும்போது மட்டும் எரிந்து, ஜோட்டைக் கழற்றினால் தணிவது நரம்புத் தடிப்பின் இயல்பு. இரு பாதங்களிலும், விரல் நுனிகளினின்று தொடங்கி மேலேறி, படுத்திருக்கும்போதும் எரிந்தும் மரத்தும் வருவது நீரிழிவு நரம்பு நோயின் இயல்பு. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் தொழுநோயை ஐயுற்றுச் சோதித்தல் வேண்டும். அதற்கான கூட்டு மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. காலத்தில் உண்டால் அந்நோய் தீர்ந்துவிடும். முறையிடும் நரம்பைவிட முறையிடாத நரம்பே அபாயகரமானது. முன்னது தூக்கத்தைக் கெடுக்கும். பின்னது காலையே கொண்டுபோகும்.

இவ்வேறுபாடு அறியாமல் செய்யும் வீட்டு வைத்தியம் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதையும் கூறவேண்டும். வலிக்கும் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் இதமாயிருக்கும். மரத்த காலுக்கு அதே வெந்நீர் தோலை வேகவைத்துவிடும். வெந்தது நோயாளிக்குத் தெரியாது. கால் ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலப் பூச்சும், வீட்டுக் கத்தியால் ஆணியைச் செதுக்குவதும் நீரிழிவுக்காரருக்கு ஆகவே ஆகா.

முதற் சிகிச்சை செருப்பே

இனி நரம்புத் தடிப்பின் சிகிச்சைக்கு வருவோம். இதன் முதல் மருந்து மருந்துக் கடையில் இல்லை. செருப்புக் கடையில் உள்ளது. நரம்பை நெரிப்பதை நிறுத்தினால் நரம்பு அமைதியுறும் என்பதே சிகிச்சையின் சாரம். விரல்கள் நெருக்கமின்றிப் பரந்து அமரத்தக்க அகலம், தாழ்ந்த குதி, அழுத்தினால் சற்றே அமிழும் தடித்த அடித்தளம், பாதத்தை வழுக்காமற் பிடிக்கும் பட்டை ஆகிய நான்கும் உள்ள செருப்பே தக்கது. செருப்பை வாங்குவதற்கு முன், வெறும் பாதத்தைக் காகிதத்தின்மேல் ஊன்றி நின்று சுற்றிலும் கோடிழுத்து, அக்கோட்டின்மேல் செருப்பை வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். கோட்டுக்குள் அடங்கிவிடும் செருப்பு பாதத்தை நெருக்கும் செருப்பு. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குவது நலம்.

இதனுடன் சிறு திண்டு ஒன்றை உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதனை வைக்கும் இடத்திலேதான் பெரும்பாலோர் பிழை செய்கின்றனர். நோகும் இடத்தின் நேர் கீழே வைத்தால் நோவு மிகும். எலும்பு நுனிகளுக்குச் சற்றுப் பின்னே, குதிகாலை நோக்கிய பக்கத்தில், வைத்தல் வேண்டும். அப்போதுதான் திண்டு எலும்புகளைத் தாங்கி விலக்கிச் சந்தை அகலச் செய்யும். சில வாரங்களுக்கு ஓட்டத்தையும் நெடுநேரம் குந்துவதையும் குறைத்தல், மாலையில் துணியிற் சுற்றிய பனிக்கட்டியால் சற்று நேரம் ஒற்றுதல், வைத்தியர் சொன்னால் சில நாள் வலி மாத்திரை உண்ணுதல் ஆகியன துணைச் சிகிச்சைகள். பனிக்கட்டியும் உணர்ச்சியுள்ள காலுக்கு மட்டுமே உரியது.

காந்தியடிகள் செருப்புத் தைக்கும் தொழிலை அறிந்தவர் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ஜொகானஸ்பர்க் நகரை அடுத்து 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், மரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்று வந்த காலன்பாக் என்னும் நண்பரிடமிருந்து அவர் அத்தொழிலைக் கற்றார். தம்மைச் சிறையிலிட்ட தளபதி ஸ்மட்ஸுக்கு 1914-இல் ஒரு ஜோடி செருப்பை அனுப்பி வைத்தார். ஸ்மட்ஸ் அதனை 1939-இல் மரியாதையுடன் திருப்பி அனுப்பினார். விரல்கள் விரிந்து அமரும் அத்தகைய திறந்த செருப்பே நம் சீதோஷ்ணத்துக்கும் பாதத்துக்கும் இசைந்தது. நாகரிகத்தின் பேரால் கூர்மூக்கு ஜோட்டை மேற்கொண்டவர்கள் அதன் கூலியை நரம்பால் கொடுக்கின்றனர்.

இதனால் பழையதெல்லாம் நன்று என்று சொல்ல வந்தோமில்லை. வெறுங்காலுடன் நடப்பது நம் முன்னோர் வழக்கம் என்று பெருமை பேசுவோர், சேற்று நிலத்திற் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியே உடலுட் புகுவதையும், மரத்த காலில் முள் தைத்தால் நேரும் கேட்டையும் எண்ண வேண்டும். தேய்ந்து காகிதம்போல் மெலிந்த ரப்பர்ச் செருப்பும் பாதத்துக்குக் காப்பன்று. அது கழன்று விழாமல் விரல்கள் இடைவிடாது பற்றி மடங்கியிருக்க வேண்டியிருக்கிறது. பழையது புதியது என்பதன்று கேள்வி. பாதத்துக்கு இடம் கொடுக்கிறதா, பாரத்தைப் பரப்புகிறதா என்பதே கேள்வி.

ஊசியும் கத்தியும்

செருப்பை மாற்றிச் சில வாரம் பொறுத்தும் நோவு தீராதோர்க்கு அடுத்த படி, ஸ்டீராய்டு மருந்தைச் சந்தினுள் ஊசி வழியே செலுத்துவது. ஸ்காத்லாந்தில் 131 நோயாளரைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையில், மரப்பு மருந்து மட்டும் பெற்றவரைவிட ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர் மூன்று மாத முடிவில் தெளிவாக நலமடைந்திருந்தனர். ஆனால் பலமுறை போட்டுக்கொண்டால் அடிப்பாதத்தின் கொழுப்பு மெத்தை கரைவதும், தோல் வெளிறி மெலிவதும் உண்டு. நீரிழிவுக்காரருக்குச் சில நாள் வரை ரத்தச் சர்க்கரை ஏறும். அவர் வைத்தியரிடம் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். நரம்பைச் சூட்டால் தீய்க்கும் முறையும், சாராய மருந்தைச் செலுத்தி அடக்கும் முறையும் பெரு நகரங்களில் உண்டு. எல்லோர்க்கும் ஒருபடியாகப் பலிக்கும் என்று அவற்றைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

கடைசிப் படி ரண சிகிச்சை. நாரை அறுத்துச் சந்தைத் தளர்த்துவது ஒரு வகை. தடித்த நரம்புப் பகுதியையே வெட்டியெடுப்பது மற்றொரு வகை. நரம்பை எடுத்தால் அவ்விரு விரல்களுக்கு இடையே உணர்ச்சி நிரந்தரமாகப் போய்விடும். இதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. எனினும் வெட்டிய நரம்பின் நுனி மீண்டும் திரண்டு, முன்னையினும் கொடிய நோவைத் தருவதும் சிலருக்கு நேரும். அறுவைத் தழும்பு அடிப்பாதத்தில் அமைந்தால் வெறுங்காலுடன் உழைப்போருக்கு அதுவே தொல்லையாகக் கூடும். ஆதலின் வரப்பில் நடப்பவர், கழனியில் நிற்பவர் தம் தொழிலை முன்னரே ரண வைத்தியரிடம் எடுத்துரைத்து, புறங்கால் வழியே செய்ய இயலுமா என்று கேட்டுத் தெளிதல் வேண்டும். புண் முற்றும் ஆறும் வரையில் சேற்றில் இறங்கலாகாது. கூலியின்றிக் கழியும் அவ்வாரங்களுக்கும் முன்னரே வழி தேடிக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேருக்குக் கத்தி வேண்டியிருக்கும்? அமெரிக்க வைத்தியர் சிலர் 115 நோயாளருக்கு முதலில் செருப்பும் திண்டும், பிறகு ஊசி, அதன்பின்னரே கத்தி என்ற படிமுறையைக் கைக்கொண்டு, அதன் பயனை 1995-இல் வெளியிட்டனர். ரண சிகிச்சை வரை சென்றவர் 24 பேரே. ஐவரில் ஒருவர் என்று கொள்ளலாம். அவர்களில் 23 பேர் பயனடைந்தனர். எளியதை முதலிலும் அரியதை இறுதியிலும் செய்தல் எல்லா வைத்தியத்துக்கும் பொது அறம். அந்த ஒழுங்கு மாறி, முதல் நாளே படமும் இரண்டாம் நாளே கத்தியும் சொல்லப்படுமாயின், நோயாளி இன்னொரு வைத்தியரிடம் யோசனை கேட்பது குற்றமாகாது.

தாமதம் கூடாத சில அறிகுறிகளும் உண்டு. பாதத்திற் புண், விரல் கறுத்தல், காந்தலோடு கூடிய சிவந்த வீக்கம், இரு கால்களிலும் மதமதப்பு, பாதத்தை மேலே தூக்க இயலாமை, இரவிலும் ஓயாத வலி: இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

கொம்யூன்களின் கடமை

இவ்வளவும் நோயாளியின் கடமை. பொது வாழ்வினரின் கடமை யாது?

புதுவைக்கு வைத்தியக் கல்வி புதிதன்று. 1823-இல் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். பாகூர்ப் பகுதியிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. கொம்யூன்கள்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. குறை வைத்தியசாலை இல்லாமையன்று; பாதத்தைப் பார்க்கும் வழக்கம் இல்லாமையே. நீரிழிவு மாத்திரை வாங்க மாதந்தோறும் வரிசையில் நிற்பவரை, "செருப்பைக் கழற்றுங்கள்" என்று கேட்கும் ஒரு சொல் போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் அடிப்பாதத்தைத் தொட்டு, உணர்கிறாரா என்று அறிவதற்குச் சில நிமிஷங்களே ஆகும். முறையிடாத நரம்பு அங்கே அகப்பட்டுவிடும். முறையிடும் நரம்புக்கு உரிய திண்டும் செருப்பும் இன்னவை என்று அங்கேயே சொல்லவும் கூடும். தொழுநோயாளருக்கு உரிய மென்செருப்பை வழங்கத் தெரிந்த சர்க்காருக்கு, மரத்த பாதமுடைய நீரிழிவு ஏழைகளுக்கும் அதனை வழங்குவது அரிய காரியமன்று.

இரண்டாவது, வேலை செய்யும் இடம். கடைகளில் நின்று பணிபுரிவோர்க்கு அமர இருக்கை தர வேண்டுமென்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் சட்டம் திருத்தின. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசமாதலின் அச்சட்டங்கள் நம் எல்லைக்குள் செல்லுபடியாகா. இங்குள்ள கடைச் சிப்பந்திகளுக்கும் அவ்வுரிமை எழுத்திலும் நடைமுறையிலும் உண்டா என்று சட்டப் பேரவையினரைக் கேட்பது நம் உரிமை. தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பூட்ஸ் கொடுக்கும்போது ஒரே அகலத்தில் கொடுக்காமல், பாதத்தின் அகலத்துக்கு ஏற்பக் கொடுக்க வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் கோருதல் வேண்டும். பெருவிரல் நசுங்காமற் காக்கும் இரும்பு மூக்கு, மற்ற விரல்களின் நரம்பை நசுக்குமாயின் அது அரைக் காப்பே. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி 12 ஆலைத் தொழிலாளர் உயிர் ஈந்த மண் இது. அவர்தம் தியாகத்தின் பயனாகவே மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. நிற்கும் நேரத்துக்கு வரம்பு கேட்டவர்களின் பேரர்கள், நிற்கும் விதத்துக்கு நியாயம் கேட்கத் தயங்குவானேன்?

மூன்றாவது, இக்கோரிக்கைகளை எடுத்துச் சொல்லும் மன்றம். வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்திய இணைப்புக்கு வாக்களித்தனர். அவருள் கொம்யூன்களின் பிரதிநிதிகளும் இருந்தனர். அத்தகைய பெருமையுடைய கொம்யூன்களுக்கு 1968-க்குப் பின் 2006-இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் தேர்தலின்றியே கழிந்தன. சுகாதார நிலையத்தின் குறையைச் சொல்லவும், வீதியின் குழியைக் காட்டவும், ஊராரின் நோவை எடுத்துரைக்கவும் உரிய உறுப்பினர் இல்லாத கொம்யூன், மரத்துப்போன பாதத்தைப் போன்றது. எங்கே புண்படுகிறது என்பது தலைக்குத் தெரிவதில்லை.

பாதத்தின் முறையீட்டைக் கேட்கும் பழக்கம் வீட்டிலே தொடங்கட்டும். இன்றிரவு தாயின் பாதத்தையும் தந்தையின் பாதத்தையும் விளக்கொளியில் பார்ப்போம். வலிக்கிறதா என்று கேட்போம். வலியில்லை என்று சொன்னால், தொட்டால் தெரிகிறதா என்றும் கேட்போம். இவ்விரண்டாம் கேள்வியைக் கேட்க மறந்த வீடுகளிலேதான் கால்கள் இழக்கப்படுகின்றன.